வெயிற் சீமையில் ஓட்டுக் கூரை

(பஞ்சாயத்து அங்கத்தினர் பயிற்சி முகாமில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஏரி மராமத்து, சாலை, குடிதண்ணீர், விதை, உரம் ஆகியவற்றைப் பற்றி இம்முகாமில் அறிஞர் பலர் எடுத்துரைத்தார்கள். நாம் எடுத்துக்கொண்ட பொருள் அவற்றைவிடச் சிறியது போலத் தோன்றும். வீட்டின் கூரையைப் பற்றியே பேச விரும்புகிறோம். கூரை ஒழுகும்போதுதான் நமக்கு அதன் நினைவு வருகிறது. மழை விட்டதும் மறந்துபோகிறோம். ஆனால் இராமநாதபுரம், தூத்துக்குடி, விருதுநகர் முதலான வறண்ட சீமைகளில் மழை பெய்யும் நாட்கள் சில. வெயில் காயும் நாட்களோ பல. ஆகையால் இங்கே கூரையின் முதல் வேலை வெயிலைத் தடுப்பது; மழையைத் தடுப்பது இரண்டாவது வேலை.

சித்திரை மாதத்தில் ஒரு நாள், நண்பகல் வேளையில், இச்சீமையிலுள்ள ஒரு கிராமத்துக்குச் சென்றிருந்தோம். வேப்ப மரத்தடியில் முதியவர் ஒருவர் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். எதிரே இருந்த வீடு அவருடையதுதான். “வீட்டுக்குள் படுக்கக் கூடாதா?” என்று கேட்டோம். “ஓட்டைப் பிரித்து விற்றுவிட்டுத் தகரம் போட்டேன், ஐயா. ஒழுகல் நின்றது, உறக்கமும் நின்றது” என்றார். அவருடைய மருமகள், பிறந்து நாற்பது நாளான குழந்தையைத் தூக்கிக்கொண்டு, பகல் முழுவதும் அடுத்த தெருவிலிருந்த ஓட்டு வீட்டில் தங்கிவிட்டு, பொழுது சாய்ந்த பிறகே திரும்புவாளாம்.

அன்று மாலை அவ்வூர்ப் பஞ்சாயத்துக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் இருந்தது. பிள்ளைகள் பகலுணவு அருந்தும் பழைய ஓட்டுக் கட்டடம் ஒழுகுகிறது. அதன் ஓடுகளைப் பிரித்துவிட்டு இரும்புத் தகடு வேயலாமா என்பதே அது. எங்கள் கருத்தையும் கேட்டார்கள். அங்கே சொன்னவற்றையே சற்று விரித்து இங்கே சொல்கிறோம்.

வெயில் எங்கே விழுகிறது?

வடநாட்டிலும் மேல்நாடுகளிலும் சூரியன் சாய்ந்து செல்வதால் சுவர்களில் வெயில் மிகுதியாகப் படும். நம் சீமையின் நிலை வேறு. ஏப்ரல் மாத நடுவில், அதாவது சித்திரை பிறக்கும் நாட்களை ஒட்டி, இராமநாதபுரத்தில் உச்சிப் பொழுதில் சூரியன் நேர் தலைக்குமேல் நிற்கிறது. ஆகஸ்டு மாத இறுதியில் மறுபடியும் அவ்வாறே நிற்கிறது. ஆகவே வீட்டின்மேல் விழும் வெயிலில் பெரும்பகுதியைக் கூரையே ஏற்கிறது. சுவரை எவ்வளவு கனமாகக் கட்டினாலும், கூரை தவறினால் வீடு அடுப்பாகிவிடும்.

வெயிலில் நிற்கும் இரும்புத் தகடு 60 டிகிரி செண்டிகிரேடுக்கு மேலும் சூடேறும். அந்தச் சூடு கீழே இருப்பவர் தலைமீது நேரே இறங்குகிறது.  கான்கிரீட் தளத்தின் குணம் வேறு. அது பகல் முழுவதும் வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு, பொழுது சாய்ந்தபின் மெல்ல மெல்ல உள்ளே விடுகிறது. உழைத்துக் களைத்தவன் உறங்கப் போகும் நேரத்தில்தான் அந்த வீடு மிகவும் புழுங்கும்.

மண் ஓடு வெயிலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. எஞ்சியதை ஏற்றுச் சூடானாலும், ஓடுகளின் இடுக்குகள் வழியாகச் சூடான காற்று மேலே எழுந்து வெளியேறிவிடுகிறது. ஓடு மெல்லியதாகையால் இரவில் விரைவில் குளிர்ந்தும் விடுகிறது. பகலில் ஓட்டு வீடு குளிர்ச்சியாகவே இருக்கும் என்று நாம் சொல்லவில்லை. தகரத்தைப்போல் எரிக்காது, தளத்தைப்போல் இரவில் புழுங்காது. முதியோரும் குழந்தைகளும் பிழைத்திருப்பதற்கு இந்த வேறுபாடு போதும். வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே 2024-ஆம் ஆண்டில் தமிழக அரசு அறிவித்திருப்பதை அங்கத்தினர்கள் நினைவில் கொள்ளவேண்டும்.

பாலை நிலத்தார் கற்றுத் தரும் பாடம்

நம் சீமை வறண்டதேயன்றிப் பாலைவனமன்று. உண்மையான பாலைவனத்தில் வாழ்வோர் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பது பயனுடையது. இராஜஸ்தானத்தின் பலோடி நகரில் 2016-ஆம் ஆண்டு மே மாதம் 19-ஆம் தேதி 51 டிகிரி வெப்பம் பதிவாயிற்று. அப்பாலைவனத்தின் ஜெய்சல்மேர்ப் பகுதியில் ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர் மழைகூடப் பெய்வதில்லை. ஆகையால் அங்கே கற்பலகையும் மண்ணும் இட்ட கனமான தட்டைக் கூரையே வழக்கம். நமக்கோ ஆண்டில் ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை உண்டு. அதுவும் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் ஒரு சேரக் கொட்டும். எனவே நமக்குச் சரிவுக் கூரை வேண்டும்.

குஜராத்தின் கட்ச் பகுதியில் இவ்விரண்டு நிலையையும் காணலாம். அங்கே வட்டமான மண் சுவரும் கூம்பு வடிவக் கூரையும் கொண்ட ‘புங்கா’ வீடுகளும் உண்டு. மங்களூர் மாதிரி ஓடு வேய்ந்த வீடுகளும் உண்டு. இவ்வகை ஓடுகள் அருகிலுள்ள மோர்பி நகரில் செய்யப்பட்டு வந்தன. 2001-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் தேதி அங்கே நேர்ந்த பூகம்பத்தில், மண் சாந்தில் கட்டிய கனத்த கற்சுவர் வீடுகள் ஏராளமாக இடிந்தன. வட்ட வீடுகளோ பெரும்பாலும் நின்றன. கூரையும் சுவரும் ஒன்றையொன்று பிடித்து நிற்க வேண்டும் என்பதை அப்பேரிடர் உணர்த்திற்று. நம் பக்கத்தில் பூகம்ப பயம் குறைவாயினும் புயல் பயம் உண்டு. 2018-ஆம் ஆண்டு நவம்பரில் வீசிய கஜா புயலை யார் மறக்க முடியும்?

எந்த ஓட்டைத் தேர்ந்தெடுப்பது?

நம்மிடையே வழங்கும் ஓடுகள் இரண்டு வகை. முதலாவது நாட்டு ஓடு. குயவர் சக்கரத்தில் குழாய்போல் வனைந்து, ஈரம் காயுமுன் இரண்டாகக் கீறிச் சூளையில் வைப்பது. ஒன்றை மல்லாத்தியும் ஒன்றைக் கவிழ்த்தும் பல அடுக்காக வேய்வார்கள். அடுக்குகளுக்கிடையே காற்று நிற்பதால் வெப்பம் எளிதில் இறங்காது. செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் பல இவ்வாறு வேயப்பட்டவையே. ஆனால் நாட்டு ஓடு இடம் பெயரும், ஓரிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை பிரித்து வேய வேண்டும், கனமும் அதிகம்.

இரண்டாவது சீமை ஓடு எனப்படும் மங்களூர் ஓடு. ஒன்றோடொன்று கௌவிக்கொள்ளும் இவ்வோட்டின் அமைப்பை, 1841-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு அல்சேசு பகுதியில் கிலார்தோனி சகோதரர்கள் வகுத்தார்கள். 1865-ஆம் ஆண்டில் பாசல் மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை நிறுவினார். அதிலிருந்து இந்நாடெங்கும் பரவிற்று. ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 15 ஓடுகள் போதும். இதற்கென்று இந்தியத் தர நிர்ணயம் 654 என்ற விதியும் உண்டு.

ஓடு வாங்கும்போது வண்டியோடு இறக்கிவிட்டுப் பிறகு வருந்த வேண்டாம். பத்து ஓடுகளை எடுத்து ஐந்து சோதனைகள் செய்து பாருங்கள்.

முதலாவது, விரலால் சுண்டிப் பாருங்கள். நன்றாக வெந்த ஓடு வெண்கலம்போல் ஒலிக்கும். வேகாததும் விரிசல் விட்டதும் மங்கலாக ஒலிக்கும்.

இரண்டாவது, சமதளத்தில் வைத்துப் பாருங்கள். ஆடினால் கோணல் உள்ளது. அது அடுத்த ஓட்டோடு பொருந்தாது.

மூன்றாவது, காய்ந்த ஓட்டை நிறுத்துவிட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து மறுபடி நிறுத்துப் பாருங்கள். எடை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடினால் அந்த ஓடு வேண்டாம். இரண்டரைக் கிலோ ஓடு மூன்று கிலோவுக்கு மேல் ஆகக்கூடாது.

நான்காவது, ஊறிய ஓட்டைக் காயவைத்து மேற்பரப்பைக் கவனியுங்கள். கரிசல் பூமியின் களிமண்ணில் சுக்கான் கல் கலந்திருந்தால் வெண்புள்ளிகள் தோன்றி, அவ்விடம் பொரிந்து உதிரும். உவர் மண்ணில் செய்ததாயின் வெள்ளையாக உப்புப் பூக்கும். அத்தகைய ஓடு சில ஆண்டுகளில் தோல் உரியும்.

ஐந்தாவது, இரண்டு செங்கற்களின்மீது ஓட்டின் இரு முனைகளையும் வைத்து, ஒருவர் மெல்ல ஏறி நிற்கலாம். நல்ல ஓடு தாங்கும்.

கணக்கும் சரிவும்

6 மீட்டர் நீளம், நாலரை மீட்டர் அகலமுள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். நீண்ட பக்கங்களில் இறவாணம் இரண்டடி வெளியே நீள வேண்டும். வெயிலும் சாரலும் சுவரில் படாமல் காப்பது இதுவே. மற்ற இரு பக்கங்களில் ஓரடி போதும். அப்போது கூரை மூடும் நிலப்பரப்பு ஏறத்தாழ 37 சதுர மீட்டர். சரிவையும் சேர்த்தால் கூரைப் பரப்பு ஏறத்தாழ 43 சதுர மீட்டராகும். இதற்கு 650 ஓடுகள் வேண்டும். உடைசலுக்கும் கையிருப்புக்குமாக 700 வாங்குங்கள். கூரைமீது ஏறும் ஓட்டின் எடை மட்டும் 1,600 கிலோவுக்கு மேல். மழையில் நனைந்தால் இன்னும் கூடும். ஆகவே மரச்சட்டத்தில் சிக்கனம் செய்யாதீர்கள்.

சரிவுக்கு ஒரு எளிய விதி: கிடையாக ஓரடிக்கு ஏழு அங்குலம் உயர வேண்டும். இதைவிடத் தாழ்ந்தால் காற்றோடு வரும் மழை ஓட்டின் அடியில் ஏறும். மிக உயர்ந்தால் புயற்காற்று பிடிக்கும்.

கைமரங்களுக்கு வயிரம் பாய்ந்த பனையைவிட நமக்கு உற்ற மரம் இல்லை. ஆனால் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டில் அரசு அறிவித்துள்ளது. அது நியாயமே. ஊரில் இடிக்கப்படும் பழைய வீடுகளில் நூறு ஆண்டு தாங்கக்கூடிய பனங்கைகள் விறகுக்குப் போகின்றன. அவற்றைத் தேடி வாங்குங்கள். உத்திரத்தோடு கைமரத்தையும், சுவரில் பதித்த இரும்புப் பட்டையோடு உத்திரத்தையும் பிணைத்துவிடுங்கள். இறவாணத்தின் முதல் இரண்டு வரிசை ஓடுகளையும் பக்க ஓரத்து ஓடுகளையும் துருவேறாத கம்பியால் வரிச்சட்டத்தோடு கட்டுங்கள். புயல் முதலில் கிளப்புவது ஓரத்து ஓட்டைத்தான்.

ஓட்டின் அடியில் ஒரு மறைப்பு இருந்தால் வீட்டின் குளிர்ச்சி பெரிதும் கூடும். உள் ஓடு, மூங்கிற் பாய், பலகை ஆகிய எதுவாயினும் சரி. ஓட்டுக்கும் அதற்கும் இடையே ஒரு சாண் இடைவெளி விட்டு, முகட்டின் அருகே இரு பக்கச் சுவர்களிலும் வலையடித்த காற்றுவழி வையுங்கள். பிளாஸ்டிக் தாளைக் கட்டாதீர்கள்; அது காற்றை அடைக்கும். தெர்மோகோல் அட்டை எளிதில் தீப்பற்றக்கூடியது.

பராமரிப்பு

ஓட்டுக் கூரையைப் பழிப்போர் பெரும்பாலும் அதைப் பராமரிக்காதவர்களே. பயிருக்குப் பருவம் இருப்பதுபோல் கூரைக்கும் பருவம் உண்டு.

பங்குனியில், அறுவடை முடிந்த ஓய்வில், உள்ளிருந்து மேலே பாருங்கள். ஒளிக்கீற்று தெரியும் இடத்தில் ஓடு விலகியிருக்கிறது அல்லது உடைந்திருக்கிறது. அவ்விடத்தைக் கரியால் குறித்துவையுங்கள். கைமரம் சுவரில் அமரும் இடத்தில் கறையான் புற்று ஏறியுள்ளதா என்றும் பாருங்கள்.

ஆடிக் காற்று ஓய்ந்தபின், கூடல்வாயிலும் ஓட்டு மடிப்புகளிலும் சேர்ந்த புழுதியையும் வேப்பிலைச் சருகையும் பெருக்கித் தள்ளுங்கள். வறண்ட சீமையில் ஓட்டுக் கூரை ஒழுகுவதற்குப் பெருங்காரணம் இந்தப் புழுதியே. அது மடிப்பில் வரப்புபோல் நின்று, முதல் பெருமழையின் தண்ணீரைத் திருப்பி உள்ளே விடுகிறது. இதையறியாமல் ஓட்டின்மேல் சிமெண்டைப் பூசுவோர் உண்டு. பகல் வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும் ஓட்டோடு அந்தச் சிமெண்டு ஒத்துப்போவதில்லை. மறு கோடையில் வெடித்து, ஓட்டையும் உடைத்துவிடும். முகட்டு ஓட்டைப் பதிக்கவும் வெறும் சிமெண்டைவிடச் சுண்ணாம்பு மிகுந்த கலவையே நல்லது.

புரட்டாசி முடியுமுன் உடைந்த ஓடுகளை மாற்றி முடித்துவிட வேண்டும். ஓட்டின் நடுவில் காலை வைக்கக்கூடாது. அடியில் கைமரம் உள்ள இடம் பார்த்து அகலப் பலகையோ ஏணியோ கிடத்தி, அதன்மேல் நடக்க வேண்டும். ஈரக் கூரையில் ஏறவே கூடாது. இடுப்பில் கயிறு கட்டாமல் யாரையும் ஏற்றாதீர்கள். ஓர் ஓட்டின் விலைக்காக ஒரு மனிதனின் முதுகெலும்பைப் பணயம் வைக்க வேண்டாம். குரங்கும் மயிலும் ஓட்டைக் கலைப்பது இந்நாளில் பல ஊர்களின் குறை. கூரையைத் தொடும் கிளைகளை வெட்டிவிடுவதும், வீட்டுக்கு 50 ஓடுகளைக் கையிருப்பில் வைப்பதும் இதற்கு நடைமுறைத் தீர்வு.

கூரைத் தண்ணீரையும் மறக்கவேண்டாம். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-ஆம் ஆண்டில் கட்டாயமாக்கப்பட்டது. நாம் கண்ட 37 சதுர மீட்டர் வீட்டின்மேல் ஓராண்டில் ஏறத்தாழ 29,000 லிட்டர் விழுகிறது. கால் பங்கு வீணாயினும் 21,000 லிட்டருக்குக் குறையாது. ஐந்து பேர் உள்ள குடும்பம் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 50 லிட்டர் செலவிட்டால், ஓராண்டுக்கு மேல் காணும் அளவு இது. தொட்டியில் பாதியைத் தேக்கினாலும் கோடையில் குடத்தோடு அலையும் பெண்களின் பாரம் குறையும். முதல் மழைநீரைத் தொட்டியில் விடாமல் வெளியேற்றிவிட வேண்டும்.

ஓடு இல்லாதவர்கள்

எல்லோரும் ஓடு வேய முடியாது. வேயவேண்டும் என்று நாம் வற்புறுத்தவுமில்லை. கான்கிரீட் தளம் உள்ளவர்கள் ஆண்டுதோறும் மாசி மாதத்தில் தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். புதுச் சுண்ணாம்பு வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பியனுப்பும். தகரக் கூரைக்கு வெளியே வெள்ளை வர்ணம் பூசி, அடியில் இடைவெளி விட்டுப் பாய் மறைப்புக் கட்டுங்கள். கல்நார் தகடு வேய்ந்தவர்கள் அதை அறுக்கவோ, துளைக்கவோ, தேய்த்துக் கழுவவோ கூடாது. அதன் நுண்ணிய நார் மூச்சில் புகுந்தால் புற்றுநோயை உண்டாக்கும். உடைந்த துண்டுகளைப் பிள்ளைகள் கையில் படாமல் அப்புறப்படுத்துங்கள்.

பஞ்சாயத்தின் கடமை

ஓட்டுக் கூரையின் உண்மையான குறை ஓட்டில் இல்லை. வேயத் தெரிந்த கைகள் குறைந்துவருகின்றன என்பதே குறை. ஒவ்வொரு ஊரிலும் ஓடு மாற்றத் தெரிந்த முதியவர் ஒருவராவது இருப்பார். அவரிடம் இரண்டு இளைஞரை ஒரு பருவம் உடனிருந்து பழகச் செய்யுங்கள். பிரித்துப் போட்ட நல்ல ஓடுகளை வியாபாரி அள்ளிச் செல்ல விடாமல், பஞ்சாயத்தே வாங்கி அடுக்கிவைத்து, தேவைப்படுவோருக்கு அதே விலையில் கொடுக்கலாம். பள்ளி, சத்துணவுக் கூடம், படிப்பகம் ஆகிய பொதுக் கட்டடங்களின் கூரையை ஆண்டுக்கொரு முறை பார்வையிட்டு, பார்த்த நாளைப் பதிவேட்டில் எழுதிவையுங்கள்.

முதலில் சொன்ன கிராமத்துக்குத் திரும்புவோம். அன்றைய கூட்டத்தில் விவாதம் நெடுநேரம் நடந்தது. “தகரம் போட்டால் இருபது வருஷத்துக்குக் கவலையில்லை” என்றார் ஓர் அங்கத்தினர். அப்போது, பின்வரிசையில் அமர்ந்திருந்த பெண் அங்கத்தினர் எழுந்து, “நாளைப் பகல் ஒரு மணிக்கு இந்தப் பெரியவர் வீட்டில் அரைமணி நேரம் எல்லோரும் உட்கார்ந்து பார்ப்போம். பிறகு கை தூக்குவோம்” என்றார். மறுநாள் அவ்வாறே உட்கார்ந்தார்கள். கால்மணி நேரத்தில் எழுந்து வெளியே வந்தார்கள். தீர்மானம் கைவிடப்பட்டது. கட்டடத்தின் கூடல்வாயைச் சுத்தம் செய்து, உடைந்த ஓடுகளை மட்டும் மாற்றினார்கள். ஐப்பசி மழையில் அது ஒழுகவில்லை என்று கேள்விப்பட்டோம். முதியவர் வீட்டுத் தகரத்துக்கு வெள்ளை பூசி, அடியில் பனையோலைப் பாய் கட்டியிருக்கிறார்கள். விற்ற ஓடு திரும்பி வரவில்லை. ஆயினும் குழந்தை இப்போது பகலில் தன் வீட்டிலேயே உறங்குகிறதாம்.

அங்கத்தினர்களே! நீங்கள் உங்கள் ஊருக்குத் திரும்பியதும் செய்யவேண்டிய வேலை ஒன்றுதான். ஒரு நண்பகலில் ஊரின் பொதுக் கட்டடங்கள் ஒவ்வொன்றிலும் அரைமணி நேரம் அமர்ந்து பாருங்கள். அதன்பின் எந்தக் கூரை வேண்டும் என்று தீர்மானியுங்கள்.